ஓட்டுக்குள் கேட்ட சொல்

பறவைப் பூங்காவில் அவளுக்குத் தாய்க்கோழி என்று பெயர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள், பதினோரு வருடத்தில் அது பாராட்டாக மாறிவிட்டது. குஞ்சு பொரிக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. மயில், வாத்து, காடை, எதன் முட்டையாக இருந்தாலும் இன்குபேட்டரில் வைத்து, சூடு பார்த்து, ஈரப்பதம் பார்த்து, வேளாவேளைக்குத் திருப்பிவைத்துக் குஞ்சாக எடுத்துக் கொடுத்துவிடுவாள். "அந்தம்மா கை பட்டா கூழாங்கல்லும் பொரிக்கும்" என்று வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். இப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே ஒரு ஆளைக் குழியில் தள்ளிவிடலாம். தள்ளித்தான் விட்டார்கள்.

ஊருக்கு வெளியே, சரக்கு லாரிகள் நிறுத்துவதற்கென்று ஒரு பெரிய மைதானத்தில் ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கொட்டிய கையோடு ஏதோ வழக்கு வந்து வேலை நின்றுபோனது. ஆள் நடமாட்டமில்லாத ஜல்லித் தரை கிடைத்தால் ஆள்காட்டிக் குருவிக்குக் கேட்கவா வேண்டும்? மரத்தில் கூடு கட்டுகிற வழக்கமே அதற்குக் கிடையாது. தரையில் நாலு கல்லை ஒதுக்கிவிட்டு முட்டையிடும். முட்டையும் ஜல்லி நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது. ஒரே வாரத்தில் நான்கு ஜோடிகள் வந்து, ஜோடிக்கு நாலாகப் பதினாறு முட்டைகள் இட்டு அடைகாக்க ஆரம்பித்தன. முக்கால்வாசி அடைகாத்தாகிவிட்ட நேரத்தில் வழக்கு தீர்ந்து, ரோலர் வந்து நின்றது.

மைதானத்து வேலையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் தாய்க்கோழியைத் தேடிக்கொண்டு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் அவளும் உஷாராக இருந்திருப்பாள்.

"மேடம், கூடு இருக்கிற இடத்துல நான் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம். முட்டைய எடுத்துட்டுப் போனாலும் குஞ்சு வரும்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா வேலைய ஆரம்பிச்சுடுவேன். வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க, ஒரு மாசம் நிறுத்தி வைக்கிறேன். மேல இருக்கிறவங்க கத்துவாங்க. கத்திட்டுப் போகட்டும்."

வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மாதத்தில் குஞ்சுகள் தானாகப் பொரிந்து, தாய் தகப்பனோடு நடந்தே எங்காவது போயிருக்கும். ஆனால் கூழாங்கல்லையும் பொரிக்கவைக்கிறவள் வராது என்று எப்படிச் சொல்வாள்?

"வரும் சார். எனக்கு அஞ்சு நாள் மட்டும் கொடுங்க" என்றாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ வயலிலிருந்து எடுத்துவந்து கொடுத்த கவுதாரி முட்டைகளில் பாதி, பொரியும் தறுவாயில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயிருந்தன. சூட்டிலும் குறையில்லை, ஈரத்திலும் குறையில்லை. யோசித்து யோசித்து அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தரையில் கூடு வைக்கிற பறவைகளின் குஞ்சுகள் பொரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஓட்டுக்குள் இருந்து பேச ஆரம்பித்துவிடும். வெளியே உட்கார்ந்திருக்கிற தாயும் பதில் பேசும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் குஞ்சுகள் எப்போது ஓட்டை உடைக்கலாம் என்று முடிவு செய்கின்றன. கவுதாரிகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் வினை. ஆகவே இந்த முறை தாயின் குரலைப் பதிவு செய்து, இன்குபேட்டருக்குள் ஒலிக்கவிட வேண்டும். இதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் கொடுமை.

குரல் பதிவு செய்ய அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் விசேஷங்களுக்கும் கூட்டங்களுக்கும் மைக்செட் போடுகிறவர். உலகத்தில் எல்லாச் சத்தமும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பது அவர் கட்சி.

"அந்தக் குருவி கத்துறது ரெண்டு தெருவுக்குக் கேட்கும். அதுக்கு நான் எதுக்கு?"

"அது ஆளைப் பார்த்தா போடுற கூச்சல் அண்ணா. அது வேணாம். முட்டைகிட்ட குனிஞ்சு மெதுவா என்ன பேசுதோ, அது வேணும். எனக்குத் தாலாட்டு வேணும்."

ஒரு கூட்டிலிருந்து பத்தடி தூரத்தில் பச்சைத் துணியால் சின்ன மறைப்பு ஒன்று கட்டினார்கள். சுண்டுவிரல் அளவு மைக்கைக் கூட்டுக்குப் பக்கத்தில் ஜல்லிக்கு அடியில் புதைத்து, ஒயரை மறைப்புக்குள் இழுத்துக்கொண்டார்கள். அண்ணன் வேனுக்குப் போய்விட, அவள் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் ஒரு மணி நேரம் குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது. பிறகு ஓய்ந்து தரையில் இறங்கி, நாலடி ஓடி நின்று, நாலடி ஓடி நின்று, கடைசியில் முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் முட்டைகள் பேசின. ஊசி முனையளவு சத்தம். கீச், கீச் என்று ஒன்று ஆரம்பிக்க, இன்னொன்று சேர்ந்துகொண்டது. அவள் நன்றாகக் கேட்பதற்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். அப்போது தாயின் குரல் வந்தது. அலகைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, க்ர்ர்க் என்று ஒரே ஒரு சத்தம். உடனே நாலு முட்டைகளும் அடங்கிவிட்டன.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்தாள். நாற்பத்தோரு தடவை அந்தக் குரல் கிடைத்தது.

"தூங்க வைக்குது அண்ணா. அது சொன்ன உடனே கப்சிப்னு ஆயிடுதுங்க. கேட்டுப் பாரேன்."

அண்ணன் கேட்டார். காற்றின் இரைச்சல், லாரி ஹாரன், ஸ்டூல் கிறீச்சிட்டது, இவள் இருமியது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, தாயின் குரலை மட்டும் வரிசையாகக் கோத்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். தொழில் சுத்தமான மனிதர். சுத்தத்துக்குக் குறையே வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவள் கையெழுத்து போட்டாள். பதினாறு முட்டைகளையும் பஞ்சுப் பெட்டியில் அடுக்கி, வெந்நீர் பாட்டிலை அணைகொடுத்து வேனில் ஏற்றினாள். எட்டுப் பறவைகளும் மேலே சுற்றிச்சுற்றிக் கத்தின. ஒரு ஜோடி மட்டும் கேட் வரைக்கும் வேனோடு பறந்து வந்தது. வேன் மெயின் ரோட்டை அடைவதற்குள் பின்னால் ரோலர் கிளம்பிய சத்தம் கேட்டது. இன்ஜினியர் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. அவள் மடியிலிருந்த பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இன்குபேட்டருக்குள் சூடு ஏறியதும் முட்டைகள் ஒரே பேச்சு. கண்ணாடிக்கு வெளியே நின்றாலே கேட்டது. அவள் உள்ளே வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரை முடுக்கினாள்.

க்ர்ர்க்.

பதினாறும் ஒரே நொடியில் நின்றன.

"பாத்தீங்களா, அம்மா குரல் கேட்டதும் எப்படி அடங்கிடுச்சு!" என்றாள். எட்டிப் பார்த்த டிக்கெட்காரர், "அம்மா குரல் மாதிரி தெரியலையே, கிளாஸுக்குள்ள ஹெட்மாஸ்டர் வந்த மாதிரில்ல இருக்கு" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

அன்று முழுக்க முட்டைகள் பேசத் தொடங்கும்போதெல்லாம் அவள் தாயின் குரலைப் போட்டாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் நாள் ஓடுகளில் நட்சத்திரம் போல விரிசல் விழ வேண்டும். ஒன்றில்கூட விழவில்லை. ஒரு முட்டையை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். குஞ்சின் அலகு முட்டை முனையிலுள்ள காற்றறைக்குள் வந்துவிட்டது, உயிர் துடிக்கிறது. ஆனால் காலை உதைக்கவில்லை, தலையை அசைக்கவில்லை. காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. தாயின் குரல் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அவை பேசும்போது மட்டும் போட்டதை, பேசாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆக்கினாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு முட்டை சில்லென்று இருந்தது. பொரிக்கும் அறையில் சாவு புதிதில்லை. அவள் வழக்கம்போலக் கத்தரியால் ஓட்டை வெட்டித் திறந்தாள். இறகெல்லாம் முளைத்து, ஒரு குறையும் இல்லாத குஞ்சு. பொரியப் போகிற குஞ்சு கழுத்தை நிமிர்த்தி ஓட்டை முட்டித் தள்ளுகிற வாக்கில் இருக்கும். இது தலையைத் தாழ்த்தி, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, இருந்த சின்ன இடத்துக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தது. பத்து மணிக்குள் இன்னும் இரண்டு.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வெட்டாம, கிட்டாம, பதிவு செஞ்சது முழுசும் எடுத்துட்டு உடனே வா."

பொரிக்கும் அறைக்கு அடுத்த ஸ்டோர் ரூமில், தீவன மூட்டைகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் சத்தம் கோடு கோடாக ஓடியது. குட்டைக் கோடு குருவியின் குரல். ஒவ்வொரு குட்டைக் கோட்டுக்கும் முன்னால் ஒரு நெட்டைக் கோடு நின்றது.

"இது என்ன?"

"உன் ஸ்டூல். நான் வெட்டி எறிஞ்சேன்ல, அதுதான்."

"இது?"

"நீ இருமினது."

"இது?"

அண்ணன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "பேனா மூடியத் திறக்கிற. எழுதுறதுக்கு."

ஸ்டூல், க்ர்ர்க். இருமல், க்ர்ர்க். பேனா மூடி, க்ர்ர்க். நாற்பத்தோரு தடவையும் அவள்தான் முதலில் அசைந்திருந்தாள். நடுவில் ஒரு அரை மணி நேரம் அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். அந்த அரை மணி நேரம் முழுக்க முட்டைகள் ஓயாமல் பேசியிருந்தன, தாய் ஒரு தடவைகூட அடக்கவில்லை.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "இது தாலாட்டு இல்லம்மா" என்றார்.

அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆள் தூரத்தில் இருக்கும்போது அந்தப் பறவை ஊரைக் கூட்டும். ஆள் பத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டால் கத்துவது முட்டையைக் காட்டிக்கொடுக்கிற காரியம். அப்போது தொண்டைக்குள் சொல்லும்: பக்கத்திலேயே இருக்கிறது, மூச்சுக் காட்டாதீர்கள். அதைத்தான் அவள், பெற்ற தாயின் குரலிலேயே, மூன்று நாளாக, கடைசியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று, சத்தத்தைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவை சொன்ன பேச்சைக் கேட்டன. செத்த மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டே செத்தன.

ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பேசுங்கடா, பேசுங்கடா" என்று அழுதாள். ஒன்றும் பேசவில்லை.

"அங்க நிக்காத. வெளிய வா" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். அதுவரைக்கும் எந்த முட்டையையும் விட்டுவிட்டு வெளியே போ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. போனாள். அறையைப் பூட்டி, மைக்கை மட்டும் உள்ளே விட்டு, ஸ்டோர் ரூமில் காத்திருந்தார்கள். நாலு மணி சுமாருக்கு ஒரே ஒரு கீச் கேட்டது.

மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது பொரிந்தன. மற்ற நான்கும் வரவில்லை. டிக்கெட்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். "நான் சொல்லல? கூழாங்கல்லு!" அவர் சொன்னது ஒரு விதத்தில் சரியாகவே இருந்தது. இந்த இனத்துக் குஞ்சு பொரிந்த சில மணி நேரத்தில் எழுந்து ஓடும், தானே கொத்தித் தின்னும். இந்த ஒன்பதும் மணலில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கல்லாகக் கிடந்தன. கரையானைத் தூவினாள், அலகுக்கு முன்னால் அது ஊர்ந்துபோனது. வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாள். ஒன்றிரண்டு கண்ணைத் திறந்திருந்தன, அவ்வளவுதான். ஆபத்து என்று சொன்ன குரல், ஆபத்து போய்விட்டது என்று சொல்லவே இல்லையே. அதைச் சொல்கிற சத்தம் எது என்று அவளுக்குத் தெரியாது. பதிவிலும் அது இல்லை. அவள் அங்கே இருந்த இரண்டு நாளும் பறவை அதைச் சொல்ல முகாந்திரமே இல்லை.

அடுத்த நாள் காலை ஒரு குஞ்சு, கரையானைச் சுற்றிலும் வைத்துக்கொண்டே செத்திருந்தது.

"அண்ணா, வேன எடு" என்றாள்.

மைதானம் முக்கால்வாசி தட்டையாகியிருந்தது. ஜல்லி கொட்டியபடியே இருந்தது வேலியோரத்துப் பட்டை ஒன்றுதான். கேட் வரைக்கும் துரத்தி வந்த அந்த ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஆறு பறவைகளைக் காணவில்லை. இன்ஜினியரிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் உடனே ரோலரை நிறுத்தி, ஆட்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்.

பெட்டியை வேலியோரம் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். எட்டும் உள்ளே அசையாமல் கிடந்தன. அண்ணன் ஒயரில்லாத மைக் ஒன்றைப் பக்கத்தில் புதைத்துவிட்டு, "காதாலயாவது பார்த்துக்கலாம்" என்றார். இருவரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேனுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரெக்கார்டர் ஓடியது.

முதலில் கூச்சல். பிறகு வெறும் காற்று. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மூச்சு அங்கே கேட்டுவிடுமோ என்றுகூடப் பயந்தாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். ஜல்லியில் குறுகுறுவென்று கால் ஓடும் சத்தம். நின்றது. மறுபடியும் ஓடியது. அதன் பிறகு, பதினோரு வருடத்தில் அவள் கேட்டிராத ஒரு சத்தம். இரண்டே அசை. ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு, சின்னதாக, லேசாக. யாருமில்லை, வாங்க.

பெட்டிக்குள் ஏதோ பிறாண்டியது. பொடிக் கால்கள் அட்டையில் தடதடத்து, ஜல்லியில் இறங்கி, ஓடின. பைனாகுலரில் ஆறு வரைக்கும் எண்ணினாள். மற்ற இரண்டும் ஓடினவா, கல்லோடு கல்லாகக் கிடந்தனவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்ஜினியர் வேன் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

"ஓடுறத நானும் பார்த்தேன் மேடம். சரியான குரல் எதுன்னு தெரிஞ்சு போச்சு, இல்லையா?"

"தெரிஞ்சுது சார்."

"இதுல இருக்கா?" என்று ரெக்கார்டரைக் காட்டினார். "அப்போ இனிமே கவலையே இல்ல. ஆத்தோரமா நம்ம அடுத்த வேலை. அங்க இதே குருவி அறுபது கூட்டுக்கு மேல இருக்காம். அதுக்கும் நீங்களே கையெழுத்து போட்டுடுங்க. இந்தத் தடவை ஒண்ணுகூடச் சாகாதுல்ல?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தச் சத்தத்தை இன்குபேட்டருக்குள் விட்டால் அறுபது கூட்டு முட்டையும் பொரிந்துவிடும். பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். சட்டைப்பையில் கையெழுத்துக் காகிதம் இருக்கும். பின்னால் ரோலர் ஓடும். யாருமில்லை வாங்க என்று தாயின் குரலில் அவளே சொல்வாள். அவையும் நம்பி வெளியே வரும். அவளுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

ரெக்கார்டரை அவர் கண்ணில் படாதபடி மடியில் சாய்த்து வைத்து, அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று அதன் திரை கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

"பதிவாகல சார்" என்றாள்.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருடத் தொழிலில் ஒரு பதிவைக்கூட இழந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்கிறவர். "பேட்டரி போயிடுச்சு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அடடா." இன்ஜினியருக்கு உண்மையிலேயே வருத்தம். "அப்போ ஆத்தோரத்துக்கு என்ன பண்றது?"

"ஒரு மாசம் நிறுத்தி வைங்க சார். முட்டைய எடுத்தா குஞ்சு வராது."

வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமான வார்த்தை.

"இல்ல மேடம், அது பெரிய வேலை, நிறுத்த முடியாது. உங்களால முடியலன்னா பரவாயில்ல. பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்காராம், உங்களவிடப் பெரிய கைன்னு சொன்னாங்க. அவர்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். ஆறுதலாக அவள் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.